ஆறு கட்டம், ஒரு கைநாட்டு

அத்தியாயம் 5

"என்னைய யாரும் கட்டாயப்படுத்தலீங்க" என்று அன்னாள் மூன்றாவது தடவையாகச் சொன்னபோதுதான் கிரேஸ் மேரிக்கு இந்த வழக்கின் மேல் முதல் அருவருப்பு தட்டியது.

கட்டாயப்படுத்தினார்கள், மிரட்டினார்கள், ஏமாற்றினார்கள் என்று யாராவது அழுதுகொண்டு வந்தால் கிரேஸ் மேரிக்கு வேலை சுலபம். வில்லியனூரில் சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டுவதற்கு முன்னால், பதினோரு வருஷம் புதுச்சேரியில் கிரயமும் உயிலும் பதிகிற ஒரு நொத்தேர் ஆபீசில் பத்திரம் பத்திரமாகப் புரட்டியவள் அவள். கள்ளக் கையெழுத்து, முன்தேதி, காணாமல் போன பக்கம் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் "நானாதான் வச்சேன்" என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி எதிரில் உட்கார்ந்து நடுங்குவதை இப்போதுதான் பார்க்கிறாள்.

அன்னாளுக்கு இருபத்து நாலு வயது. ஒதியம்பட்டு. புருஷன் பம்பாய்க்கு வேலைக்குப் போய் ஒரு வருஷமாகக் கடுதாசி இல்லை. பெண் குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் மஞ்சள் காமாலையில் விழுந்துவிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல், பக்கத்தில் இருந்த 'தளிர் மனை' தாய்சேய் இல்லத்தில் விட்டாள். உடம்பு தேறி எழுந்தபோது குழந்தை வெளிநாட்டுக்குத் தத்துப் போக ஏற்பாடாகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலை வேன். இன்று புதன்.

"அங்க ஒரு அட்டை குடுப்பாங்க. படம் போட்ட அட்டை. புள்ளய இன்னா செய்யணும்னு எந்தக் கட்டத்துல நம்ம விரல வைக்கிறமோ அதான் முடிவு. ஜொரத்துல வச்சேன். சரி, ஜொரம்னு வச்சிக்கலாம். தேறினதும் புள்ள எனக்கே வேணும்னு சொல்லத்தான் போனேன். மறுபடியும் அட்டய குடுத்தாங்க. மறுபடியும் வெளிநாட்டுலதான் வச்சேன்."

"வேணும்னு சொல்லப் போன எடத்துல வேணாம்னு வச்சியா?"

"அதான் எனக்கே புரியலீங்க. வூட்டுக்கு வந்து சோத்துல கைய வச்சப்பதான், நான் இன்னா செஞ்சிட்டு வந்துகிறேன்னு தோணிச்சி. மூணாவது தடவ ஓடினேன். மேட்ரன் விருத்தாம்பாளம்மா கேட்டுலயே வழிமறிச்சி, இந்தப் பக்கம் தல வச்சிப் படுக்காதன்னு வெரட்டிட்டாங்க."

ஜன்னலோரம் நின்றிருந்த ஹமீது திரும்பினான். எட்டு வருஷம் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்துவிட்டு கிரேஸ் மேரியிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். ஈய எழுத்தைப் பொறுக்கும் வேகத்திலேயே வார்த்தையையும் பொறுக்குவான்.

"மேடம், இது நம்ம கேஸ் இல்ல. கட்டைவிரலுக்கு யாரோ மந்திரிச்சி விட்டுட்டாங்க."

"நீ வாயக் கட்டு. வண்டிய எறக்கு" என்றாள் கிரேஸ் மேரி.

*

அவளுடைய சுவேகா மொபெட் இரண்டு பேரைத் தாங்கும், மேடு வராத வரைக்கும். ரயில்வே கேட்டுக்கு முன்னால் மேடு வந்தது. ஹமீது பழக்கமாக இறங்கித் தள்ளினான்.

"சம்பளம் குடுக்கிறது துப்பறியவா, தள்ளவா மேடம்?"

"ரெண்டுக்கும் சேத்துதான்."

தளிர் மனையின் சுண்ணாம்புச் சுவர் பளிச்சென்று இருந்தது. அதை நடத்தும் கில்பர்ட் அதைவிடப் பளிச்சென்று இருந்தார். நாற்பத்தைந்து வயது, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் பவுடர், காதுக்கு எண்ணெய் விட்டதுபோல் ஒரு குரல். முன்பு ஏதோ சோப்புக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்ததாக அவரே சொன்னார். அன்னாள் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கவில்லை. பதிவேட்டை எடுத்து அவரே பிரித்துக் காட்டினார்.

எல்லாம் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு ரேகைக்கும் இரண்டு சாட்சி. கிரேஸ் மேரியின் கண், பழைய தொழில் புத்தியில், மொத்தத்தைத் தேடிப் போயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் முப்பத்திரண்டு தாய்மார்; குழந்தையை வெளிநாட்டுக்குக் கொடுத்தவர்கள் ஐந்து பேர். போன வருஷம் முப்பத்தைந்து தாய்மார். கொடுத்தவர்கள் இருபத்து நாலு பேர்.

"ரெண்டு வருஷத்துல ஊர்ல இன்னா மாறிப்போச்சி?" என்று கேட்டாள்.

"மனசு மாறிச்சிம்மா. நல்லது எதுன்னு தாய்மாருக்குப் புரிய ஆரம்பிச்சிடுச்சி. நாங்க ஒரு வார்த்த சொல்றதில்ல. அட்டைய கையில குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பி நிப்போம்."

கேட்காமலே ஒரு அட்டையையும் கொடுத்தார். ஆறு கட்டம். முதல் கட்டத்தில் ஒரு கூரை வீடு, கீழே 'தாயிடம்'. மற்ற ஐந்திலும் ஐந்து அழகான வீடுகள்: பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, ஹாலந்து, கனடா. முதல் கட்டத்தின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் நாலு வரி.

உள்ளே தொட்டில் அறையைக் காட்டினார்கள். வெள்ளிக்கிழமை கிளம்பும் எட்டுக் குழந்தைகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொரு தொட்டில் கயிற்றிலும் போகப்போகிற நாட்டின் காகிதக் கொடி. சந்தையில் மாட்டுக் கொம்பில் சீட்டுக் கட்டுவது கிரேஸ் மேரிக்கு நினைவு வந்தது. அறை முழுக்கப் பவுடரும் பாலும் கலந்த வாசனை. அன்னாளின் மகள் பெல்ஜியத்தின் கீழே கைகாலை உதைத்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தாச்சில்ல? கெளம்புங்க. புள்ளைங்க தூங்கணும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. விருத்தாம்பாள்.

"வெள்ளிக்கிழம வழியனுப்ப வாங்கம்மா" என்று கில்பர்ட் ஒரு சீட்டில் நேரத்தை எழுதிக் கொடுத்தார். காலை 7. ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு, புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பெரியவர்கள் போடுகிற மாதிரி.

வெளியே வந்ததும் ஹமீது சொன்னான்: "அந்தம்மா மூஞ்சியப் பாத்தாலே தெரியுது மேடம். அவங்கதான். ஆறு கட்டத்த காட்டி வெரட்டுனா நானே கனடாவுல விரல வச்சிடுவேன்."

"மூஞ்ச வச்சி கேஸ் முடியும்னா உன்ன எப்பவோ உள்ள போட்டிருப்பாங்க. அட்டைக்கு அடியில பாரு."

ஹமீது அட்டையைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தான். ஓரத்தில் அச்சகத்தின் பெயர். அதற்குப் பக்கத்தில்: மூன்றாம் அச்சு, 500.

"நான் வேல செஞ்ச பிரஸ்ஸு. இது மூணாவதுன்னா..."

"மொத ரெண்டும் எப்படி இருந்திச்சின்னு போய்க் கேப்போம்."

*

அச்சகக்காரர் தங்கவேல் ஹமீதைப் பார்த்ததும், அவன் போனதிலிருந்து பிழை குறைந்துவிட்டது என்று குசலம் விசாரித்தார். அடித்த வேலையின் மாதிரித் தாள் ஒவ்வொன்றையும் கம்பியில் குத்தி வைப்பது அவர் வழக்கம். தூசியைத் தட்டி மூன்று தாள்களை எடுத்து மேஜையில் போட்டார்.

முதல் அட்டையில் நாலு கட்டம். மூன்று கட்டம் தாயிடம் குழந்தை இருப்பதற்கு: சொந்த வீட்டிலோ அம்மா வீட்டிலோ வைத்துக்கொள்வது, பால்பவுடர் அல்லது பகல் காப்பக உதவியோடு வைத்துக்கொள்வது, ஆறு மாதம் மனையில் விட்டுத் திரும்ப எடுத்துக்கொள்வது. நாலாவது கட்டம், வெளிநாட்டுக் குடும்பம்.

இரண்டாவது அட்டையில் ஐந்து. தாய்க்கு இரண்டு, வெளிநாட்டுக்கு மூன்று.

மூன்றாவது, கையில் இருப்பது. தாய்க்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஐந்து. அம்மா வீடு, பால்பவுடர், பகல் காப்பகம், ஆறு மாதத் தங்கல் எல்லாம் எங்கேயும் போய்விடவில்லை. கூரை வீட்டின் அடியில் அந்த எறும்பு எழுத்துக்குள் போய் ஒடுங்கிவிட்டன.

"விஷயம் அதேதான்" என்றான் ஹமீது மெதுவாக. "எதையும் எடுக்கல. எதையும் சேக்கல. கட்டம் பிரிக்கிறதுல மட்டும்..."

தங்கவேல் சிரித்தார். "இது எங்க தொழில்ல சகஜம்பா. கல்யாணப் பத்திரிகை ஆல்பம் பாத்திருக்க இல்ல? அஞ்சு புள்ளையார் டிசைனும் ஒரு பூ டிசைனும் வச்சா வர்றவங்க புள்ளையார்லதான் எது நல்லாருக்குன்னு பாப்பாங்க. அஞ்சு பூ, ஒரு புள்ளையார்னு வச்சா பூவுக்குப் போயிடுவாங்க. எந்தப் படத்தோட அச்சு பிளாக் தேஞ்சி போச்சோ அத ஒண்ணே ஒண்ணா மூலையில வச்சிடுவேன். யாரும் அதக் கேக்கறதில்ல. நானா எடுத்துக் குடுத்தேன்? அவங்களா பாத்துதான் எடுத்தாங்க."

கிரேஸ் மேரி தாள்களைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் கிறுக்கல்; ஐந்நூறு அடிக்கச் சொல்ல வந்தவர் இங்கேயே உட்கார்ந்து போட்ட கணக்கு என்றார் தங்கவேல்.

முதல் தாளில்: ஒதியம்பட்டு, 10 பேர், 2. இரண்டாவதில்: நெட்டப்பாக்கம், 10 பேர், 5. மூன்றாவதில்: பாகூர், 10 பேர், 7.

ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

ஹமீதுக்கு வழக்கமாக வாயில் வரும் வேடிக்கை எதுவும் வரவில்லை. "மூணு ஊர்ல பரிச்ச வச்சி பாத்துகிறான் மேடம். விதை நெல்லு எந்த மண்ணுல நல்லா வருதுன்னு பாக்கிற மாதிரி. பத்து பத்து பொம்பளைங்க."

அந்தப் பத்து ஒதியம்பட்டுக்காரிகளில் மிச்சம் எட்டுப் பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள். பாகூரில் மூன்று பேர். நடுவில் இருந்த வித்தியாசம் ஐந்து குழந்தைகள். ஒரு ஆள் பென்சிலை நாக்கில் தொட்டு அதை எழுதி, எந்த அட்டை தோது என்று முடிவு செய்திருக்கிறான்.  கிரேஸ் மேரி தங்கவேல் நீட்டிய டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

*

கில்பர்ட் மூன்று தாள்களையும் பார்த்தார். மறுக்கவில்லை. அதுதான் கிரேஸ் மேரிக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

"ஆமா, நான்தான். சோப்புக் கம்பெனியில கத்துக்கிட்டது. ஒரே சோப்ப அஞ்சு கலர்ல அடுக்கி வச்சா, பக்கத்துக் கம்பெனி சோப்பு கடையில இருக்கிறதே தெரியாது. இதுல பொய் எங்கம்மா இருக்கு? அட்டையில இல்லாத விஷயம் ஒண்ணு சொல்லுங்க. வெளிநாட்டு சங்கம் வருஷத்துக்கு இருபத்து நாலு குழந்தை கேக்குது. இங்க சாணிக் குழியில வெளையாடற புள்ள அங்க பியானோ வாசிக்கும். எந்த செக்ஷன்ல என்னைப் பிடிப்பீங்க?"

எந்த செக்ஷனும் இல்லை. பதினோரு வருஷம் பத்திரம் பார்த்தவளுக்கு அது அவரைவிட நன்றாகத் தெரியும். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அதிலிருந்தும் பவுடர் வாசனைதான் வந்தது.

"அந்தத் தாய்மார இன்னொரு தடவ கேட்டுப் பாக்கணும்" என்றாள்.

"தாராளமா. நாளைக்கே எட்டு பேரையும் வரச் சொல்றேன். ஆனா அன்னாளுக்கு மட்டும் அது மூணாவது ரேகை. மூணாவதுக்கு மேல மாத்த முடியாதுன்னு மனையோட விதி."

"அதனாலதான் அந்தப் பொண்ண கேட்டுலயே வெரட்டினேன்."

எல்லோரும் திரும்பினார்கள். விருத்தாம்பாள் கதவை அடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். 

"அன்னிக்கு உள்ள விட்டிருந்தா மூணாவது தடவையும் இதே அட்டையிலதான் வச்சிருப்பா. அதோட முடிஞ்சிருக்கும்." கிரேஸ் மேரியை நேராகப் பார்த்தாள். "விதியில இன்னொண்ணும் இருக்குது. அட்டையில எல்லா வழியும் இருக்கணும்னுதான் எழுதிகிது. எத்தினி கட்டம்னு எழுதல."

கில்பர்ட் சிரித்தார். சீட்டாட்டத்தில் எதிராளி நல்ல சீட்டு இறக்கினால் சிரிக்கிற சிரிப்பு. "சரி. நீங்களே அட்டை போட்டுக்கிட்டு வாங்கம்மா. ஒண்ணும் சேக்கக் கூடாது, ஒண்ணும் விடக் கூடாது."

திரும்பும் வழியில் ஹமீது, "நான் அந்தம்மாவப் பத்தி சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றான்.

பொழுது சாய்வதற்குள் அவன் மறுபடியும் கம்பாசிட்டர் ஆனான். கூரை வீட்டை உடைத்து ஐந்தாக்கினார்கள். சொந்த வீட்டில், அம்மா வீட்டில், பால்பவுடர் உதவியோடு, பகல் காப்பகத்தோடு, ஆறு மாதம் மனையில் தங்கி. ஐந்துக்கும் தங்கவேலின் பெட்டியிலிருந்து நல்ல நல்ல பிளாக்: தாமரை, குத்துவிளக்கு, பால் சொம்பு, தொட்டில், பசுவும் கன்றும். ஐந்து நாடுகளையும் ஒரே கட்டத்தில் அடைத்து மூலையில் தள்ளினார்கள்.

"ஏரோப்ளேன் பிளாக் இல்ல மேடம். பட்டாசுக் கடை நோட்டீசுக்கு வாங்கின ராக்கெட்தான் இருக்குது."

"அதையே வை. சின்னதா வை" என்றாள் கிரேஸ் மேரி. அன்றைக்கு முழுக்க முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

*

வியாழக்கிழமை பத்து மணிக்கு எட்டுத் தாய்மாரும் வந்தார்கள். தொட்டில் அறைக்கு வெளியே பெஞ்சு போட்டிருந்தது. விருத்தாம்பாள் பதிவேட்டோடு உட்கார்ந்தாள். கில்பர்ட் ஓரமாகக் கைகட்டி நின்றார்.

அன்னாள்தான் முதலில். அட்டையைப் பார்த்தாள், மையைத் தொட்டாள், சொந்த வீட்டில் வைத்தாள். விரலை எடுக்கவே பயந்ததுபோல் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே இருந்தாள். அப்புறம் உள்ளே ஓடினாள்.

இரண்டாவது பெண் பால்பவுடர். மூன்றாவது பகல் காப்பகம். நாலு, ஐந்து, ஆறு, ஏழு. ஒரு விரல்கூட ராக்கெட் பக்கம் போகவில்லை. ஹமீது கிரேஸ் மேரியின் காதருகே குனிந்து, "ஏழுக்கு ஏழு மேடம். நம்ம பிளாக் தேயவே இல்ல" என்றான்.

எட்டாவது வேலம்மாள். நெட்டப்பாக்கம், இருபது வயது இருக்கும். கல்யாணம் ஆகாதவள் என்று பதிவேட்டில் இருந்தது. அவள் விரல் அட்டைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. தாமரைக்குப் போயிற்று, தொட்டிலுக்குப் போயிற்று, திரும்பி வந்தது. கடைசியில் அம்மா வீட்டில் இறங்கியது.

எட்டுக்கு எட்டு.

கில்பர்ட் பக்கத்தில் வந்தார். குரலில் கோபமே இல்லை. நிஜமான பாராட்டுத்தான் இருந்தது. "நல்லா செஞ்சிருக்கீங்கம்மா. என்னால அஞ்சுக்கு ஒண்ணுலகூட பத்துக்கு ஏழுக்கு மேல எடுக்க முடியல. நீங்க எட்டுக்கு எட்டு. உங்களுக்கும் எனக்கும் ஒரே மூளதான்."

கன்னத்தில் எச்சில் பட்டதுபோல் இருந்தது அவளுக்கு. பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள். ஏழு பேர் குழந்தையை எடுக்க உள்ளே போயிருந்தார்கள். வேலம்மாள் மட்டும் பெஞ்சிலேயே இருந்தாள். மை படிந்த கட்டைவிரலைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்; மை போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

கிரேஸ் மேரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "புள்ளய எடுக்கலியா?"

"எடுத்துக்கினு எங்கக்கா போறது?"

"அம்மா வூட்டுலன்னு வச்சியேம்மா."

"வெளிநாட்டுக் கட்டம் எங்க இருக்குதுன்னே தெரியல. போன தடவ அட்டை முழுக்க அனுப்புறதா இருந்திச்சி. இந்தத் தடவ அட்டை முழுக்க வச்சிக்கிறதா இருக்குது. சரி, இப்ப எல்லாரும் வச்சிக்கச் சொல்றாங்க போலன்னு ஒண்ணுல வச்சிட்டேன்."

"அம்மா வூட்டுல இன்னா கஷ்டம்?"

வேலம்மாள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்க அப்பா சின்ன வயசுலயே செத்துட்டாரு. அம்மா வேற ஒருத்தரக் கட்டிக்கிச்சி. அந்தாளு அந்த வூட்டுலதான் இருக்குறாரு." விரலைத் தேய்ப்பதை நிறுத்தினாள். "புள்ளைக்கி அப்பன்னு வேற யாரையும் தேட வேணாங்க்கா."

 நேற்று சாயந்திரம் அந்தக் கட்டத்துக்குக் குத்துவிளக்கு வைக்கலாம் என்று சொன்னது கிரேஸ் மேரிதான். அந்த விளக்கின் மேல் இந்தப் பெண்ணின் ரேகை விழுந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு இந்தப் பச்சைக் குழந்தையை அந்த ஆள் இருக்கிற வீட்டுக்கு, சாட்சிக் கையெழுத்தோடு, அனுப்பி வைத்திருப்பாள். ராக்கெட்டைச் சின்னதாகப் போடச் சொல்லிச் சிரித்தது வாய்க்குள் கசந்தது.

"இத யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?"

"வந்த மொத நாளே கில்பர்ட் சார்கிட்ட சொன்னேன். இதெல்லாம் வெளிய பேசாத, உனக்குத்தான் அசிங்கம், கட்டத்துல வை, எல்லாம் சரியாயிடும்னாரு."

கிரேஸ் மேரி எழுந்தாள். நேராகப் போய் விருத்தாம்பாளின் முன்னால் இருந்த எட்டு அட்டைகளையும் வாரி எடுத்தாள். "பதிவேட்டுல ஏத்தலியே இன்னும்?"

"இல்ல."

எட்டையும் குறுக்காகக் கிழித்தாள்.  

"என்னம்மா இது? நீங்கதான ஜெயிச்சீங்க" என்றார் கில்பர்ட்.

"நான் போட்டதும் உங்க அட்டைதான். திருப்பிப் போட்டேன், அவ்ளோதான்." விருத்தாம்பாளிடம் திரும்பினாள். "ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிடுங்க. கதவ சாத்திக்கலாம். படம் வேணாம், அட்டை வேணாம். வாயால கேப்போம். எவ்ளோ நேரம் ஆனாலும் ஆவட்டும். சொல்றத அப்படியே எழுதுங்க."

அன்னாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கிரேஸ் மேரி கேட்டதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது. "இதக் கேக்குறதுக்கா இவ்ளோ அட்டை அடிச்சீங்க? எம் புள்ள எனக்கு வேணும். கஞ்சியோ கூழோ, நான் ஊத்திக்கிறேன்."

மற்றவர்கள் அவ்வளவு சட்டென்று சொல்லவில்லை. ஒருத்தி ஒரு மணி நேரம் அழுதாள். ஒருத்தி, பகல் காப்பகம் என்றால் எத்தனை மணிக்கு விட வேண்டும், எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் தெளிந்துகொண்டாள். வில்லியனூருக்குப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, வீட்டில் ஐந்து இருக்கிறது, இது ஒன்றாவது நன்றாக இருக்கட்டும், தெரிந்துதான் கொடுக்கிறேன் என்று நிதானமாகச் சொன்னாள். காலையில் பால் சொம்பில் விரல் வைத்தவள் அவள்தான். விருத்தாம்பாள் ஒரு சொல் மாற்றாமல் எழுதினாள். சாப்பாட்டு நேரம் போய், வெயில் இறங்கி, ஏழு பேர் முடிந்தார்கள். ஆறு குழந்தைகள் வீட்டுக்கு. ஒரு குழந்தை வேனுக்கு.

கடைசியாக வேலம்மாள் வந்தாள். கிரேஸ் மேரி குழந்தையைப் பற்றிக் கேட்க ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள்.

"புள்ளைக்கி இத்தினி கட்டம் போட்டீங்க. பிரான்ஸ் போவலாம், காப்பகம் போவலாம். நான் எங்கக்கா போவணும்? அத எந்த அட்டையிலயும் போடலியே."

 விருத்தாம்பாள் பேனாவை மூடினாள்.

"இங்கயே இரு. என் ரூம்ல படுத்துக்க. புள்ளயும் இங்க இருக்கட்டும். நீ யோசிச்சி எப்ப சொல்றியோ அப்பச் சொல்லு. ஒரு மாசமோ, ஒரு வருஷமோ. நான் இருக்கிற வரைக்கும் புள்ளய எந்த வேன்லயும் ஏத்த மாட்டேன்."

கில்பர்ட் வாசலில் வந்து நின்றார். சத்தம் உயரவில்லை. "அந்தப் பொண்ணு விஷயம் குடும்ப விஷயம்மா. கிளறினா அவ பேருதான் நாறும்."

"ஒரு குத்தம் நடந்துச்சின்னு தெரிஞ்சும் மறச்சா, அதுக்குன்னு சட்டத்துல எடம் இருக்குது" என்றாள் கிரேஸ் மேரி. "நீங்க வாயால சொல்ல வேண்டியத ஸ்டேஷன்ல சொல்லுங்க."

முதல் முறையாக அவர் கைக்குட்டை கழுத்துக்குப் போகாமல் கையிலேயே நின்றது.

*

வில்லியனூர் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் முழுதும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. வேலம்மாள் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதினார். முதலில் மாற்றாந்தகப்பன் பெயர், ஊர், தேதிகள். பிறகு, யாரிடம் சொன்னாய், அவர் என்ன சொன்னார். கில்பர்ட் பெயரும் அந்தத் தாளில் ஏறியது. நெட்டப்பாக்கத்துக்கு ஜீப் கிளம்பியது.

வெளியே வேப்பமரத்தடியில் குழந்தையை ஹமீது வைத்துக்கொண்டிருந்தான். அது அவன் சட்டையை நனைத்துவிட்டிருந்தது. ஆனாலும் அசையாமல் நின்றான்.

எழுதி முடித்த ரைட்டர் தாளை வேலம்மாள் பக்கம் திருப்பி, மைப்பெட்டியைத் திறந்து வைத்தார். கிரேஸ் மேரி பழக்கமாக அவள் கட்டைவிரலைப் பிடித்து மையின் பக்கம் கொண்டுபோனாள்.

வேலம்மாள் கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியும்க்கா. ஏழாவது வரைக்கும் போயிருக்கேன்."

"மனையில சொல்லலியா?"

"யாரும் கேக்கல. போனவொடனே படத்தக் குடுத்தாங்க. நீங்களும் படந்தான குடுத்தீங்க."

கிரேஸ் மேரி மைப்பெட்டியை மூடினாள். ரைட்டர் பேனாவை நீட்டினார். வேலம்மாள் தாளைக் கையில் எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உதடு அசைய நிதானமாகப் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, தேதி தப்பு என்று காட்டினாள். ரைட்டர் திருத்தினார். அப்புறம்தான் அடியில், அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.